புதிய அரசாங்கத்துக்குத் திருகோணமலையிலிருந்து என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது?

உப்புவெளி_மணல் | 20 நவம்பர் 2024, இரவு 8.40

தேர்தல் 14ஆம் திகதி முடிந்தது, 18ஆம் திகதி அமைச்சரவையும் பதவியேற்றாச்சு. 225இல் 159 ஆசனம் வைத்திருக்கிற அரசாங்கம். நாளைக்குச் சாக்குச் சொல்ல அவர்களுக்கு ஒன்றுமில்லை, எழுதாமல் இருக்க எங்களுக்கும் ஒன்றுமில்லை.

எனக்குத் தோன்றியவை: மாகாண சபைத் தேர்தல், துறைமுகத்தைச் சுற்றி வேலைவாய்ப்பு, நெல்லுக்கு நேரத்துக்கு விலை, டைனமைட் மீன்பிடியை நிறுத்துவது, குச்சவெளிப் பக்கக் காணிப் பிரச்சினை, அரச கடிதங்கள் தமிழில் வருவது, புல்மோட்டை வழியாக முல்லைத்தீவுக்கு ஒழுங்கான பஸ், நகரத்து மான்கள் பொலித்தீன் தின்னாமல் பார்ப்பது, 99 எண்ணெய்க் குதங்களின் வருமானத்தில் மாவட்டத்துக்கு ஒரு பங்கு. ஒன்பதையும் ஒரே கடிதமாக்கி ஆயிரம் கையெழுத்து வாங்கி ஜனாதிபதி செயலகத்துக்கு அனுப்பலாம். விட்டுப்போனதைச் சேருங்கள்.

---

பழைய_கோப்பு | 20 நவம்பர், இரவு 10.05

தம்பி, பட்டியல் நல்லது. ஆனால் ஒரே கடிதமாக அனுப்ப வேண்டாம்.

ஒன்பது விடயம் உள்ள கடிதம் செயலகத்துக்குப் போனால் தபால் பதிவேட்டில் ஒரு இலக்கம்தான் விழும். எழுதுவினைஞர் முதல் பந்தியைப் பார்த்து எந்த அமைச்சு என்று முடிவெடுப்பார். ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற முகப்புக் கடிதத்தோடு முழுக்கட்டும் அந்த ஒரே அமைச்சுக்குப் போகும். முதல் பந்தியில் துறைமுகம் இருந்தால் உங்கள் நெல்லும் மானும் துறைமுகத்துக்குப் பொறுப்பான அமைச்சிலே குடியேறிவிடும். மூன்று மாதத்தில் ‘இது எமது விடயப்பரப்புக்கு உட்பட்டதல்ல’ என்று பதில் வரும். ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் பதில் அதுதான். இணைப்புத் தாள்தான் கூடும்.

ஒரு கடிதத்தில் ஒரு விடயம். அதற்கு முன் அது யார் கையில் இருக்கிற அதிகாரம் என்று பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்: முதலாவது மாகாணத்துக்கு, இரண்டாவது மத்திக்கு, மூன்றாவது இருவருக்கும். நடைமுறையில் இப்படி வரும். வீதி ஏ, பி தரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. மட்டக்களப்பு வீதியான ஏ 15 அதில் சேரும். சி, டி தரம் மாகாண வீதித் திணைக்களம். அதற்குக் கீழே உள்ள ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபை. பஸ்ஸும் அப்படித்தான். திருகோணமலை–மட்டக்களப்பு கிழக்குக்குள்ளேயே ஓடுவதால் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை. திருகோணமலை–முல்லைத்தீவு மாகாண எல்லை தாண்டுவதால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் இரண்டு பேரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

இன்னொன்று. அமைச்சர்கள் வந்துவிட்டாலும் எந்த நிறுவனம் எந்த அமைச்சின் கீழ் என்பதை அரசியலமைப்பின் 44ஆம் உறுப்புரையின்படி வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு அரசாங்கமும் இதைக் கலைத்து அடுக்கும். அதில் மூன்று நிரல் இருக்கும்: விடயங்கள், நிறுவனங்கள், சட்டங்கள். இரண்டாம் நிரலைப் பார்த்துத்தான் முகவரி போடவேண்டும். போன ஆட்சியின் முகவரியைப் பார்த்து எழுதுவதால் திசைமாறும் கடிதங்கள் கொஞ்சமல்ல.

---

கொட்டியாரம் | 21 நவம்பர், காலை 6.50

மாகாண சபைத் தேர்தலை மட்டும் கேளுங்க, மற்றதெல்லாம் பிறகு வரும். கிழக்கு மாகாண சபையின் காலம் முடிஞ்சது 2017 செப்ரெம்பர் 30. ஏழு வருஷம் தாண்டிட்டு. பிரதேச சபை, நகர சபை எல்லாத்தின்ட காலமும் 2023 மார்ச் 19ஓட முடிஞ்சிது. இண்டைக்கு இந்த மாவட்டத்தில வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஆக்கள் எண்டால் நாலே நாலு எம்.பி.மார். மற்ற எல்லாக் கதிரையிலயும் ஆளுநர், செயலாளர், ஆணையாளர்.

---

பழைய_கோப்பு | 21 நவம்பர், காலை 8.15

கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘தேர்தலை உடனே நடத்து’ என்று கேட்டால் தேர்தல் ஆணைக்குழு நடத்த முடியாது; சட்டத்தில் முடிச்சு இருக்கிறது. 2017இன் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டுக் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லை நிர்ணயம் தேவை. அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் தோற்றது. கொண்டுவந்த அமைச்சர் உட்பட ஆதரவாக ஒருவரும் வாக்களிக்கவில்லை. பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைந்தது, அறிக்கை வரவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லையும் இல்லை.

ஆகவே கேட்கவேண்டியது: ‘எல்லை நிர்ணயம் முடியும்வரை அடுத்த தேர்தலைப் பழைய விகிதாசார முறையில் நடத்த இடமளிக்கும் திருத்தச் சட்டமூலம் ஒன்று.’ அவ்வளவுதான், அரைப் பக்கம். இது மாகாண சபை, உள்ளூராட்சி விடயங்களுக்குப் பொறுப்பான அமைச்சுக்கு. எம்.பி.மார் நால்வருக்கும் பிரதி.

சபை இல்லாததன் விளைவையும் சரியாக எழுதுங்கள். ஆளுநர் நிர்வாகத்தையும் செலவையும் ஓட்டலாம். புதிய நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை ஆக்கும் சட்டம், ஆக்க ஆளில்லை. மாகாண விடயம் ஒன்றில் புது விதி வேண்டும் என்று நீங்கள் அனுப்பும் யோசனை எந்த மேசையில் விழுந்தாலும் அங்கே கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் இல்லை. இப்போதைக்கு மத்திய அரசால் முடிக்கக்கூடியதைப் பிரித்தெடுத்து அனுப்புவதே வழி.

---

கணக்குப்பிள்ளை | 21 நவம்பர், மதியம் 12.30

காசுப் பக்கம்.

வழமையான வருஷம் என்றால் திறைசேரியின் வரவுசெலவுச் சுற்றறிக்கை வருஷ நடுப்பகுதியில் அமைச்சுகளுக்குப் போகும். அவை மதிப்பீட்டைக் கொடுத்து, நவம்பரில் பட்ஜெட், டிசம்பரில் வாக்கெடுப்பு. நவம்பரில் பட்ஜெட் உரை கேட்டுவிட்டு யோசனை எழுதுகிறவன் பஸ் போனபிறகு கைகாட்டுகிறவன். இந்த முறை தேர்தலால் எல்லாம் பிந்தி, முதல் 4 மாதத்துக்கு இடைக்கால கணக்கறிக்கை, முழு பட்ஜெட் அடுத்த வருஷம். இது எங்களுக்குக் கிடைத்த அபூர்வமான இடைவெளி. ஜனவரி நடுப்பகுதிக்குள் போய்ச் சேர்ந்தால் பார்ப்பதற்கு நேரமிருக்கும்.

ஆனால் கை இறுக்கம். 2024இன் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி தவிர்ந்த செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறது. நாணய நிதியத்தோடு பேசிய முதன்மை மிகை (வட்டிச் செலவைச் சேர்க்காமல் வரவில் மிஞ்சவேண்டியது) 2025க்கு 2.3 வீதம். இந்த நிலையில் ‘ஒரு தொழிற்சாலை கட்டித்தாருங்கள்’ என்பது வாசிக்கப்படாது. செலவில்லாததைக் கேளுங்கள்: ஒரு திகதி மாற்றம், ஒரு படிவம், ஒரு அளவுகோல்.

வேலைப்பளுவைப் பொறுத்து நாலு படி. சுற்றறிக்கைக்குச் செயலாளரின் கையெழுத்துப் போதும். ஒழுங்குவிதிக்கு அமைச்சர் கையெழுத்து, வர்த்தமானி, பிறகு நாடாளுமன்ற அங்கீகாரம். சட்டத் திருத்தத்துக்கு அமைச்சரவைப் பத்திரம், சட்டவரைஞர், சட்டமா அதிபர், மூன்று வாசிப்பு. காசு என்றால் இதெல்லாம் முடிந்து திறைசேரியும். உங்கள் யோசனை எந்தப் படியில் நிற்கிறது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். சுற்றறிக்கையால் முடியும் என்று காட்டினால் ஒரு அலுவலர் தானாகவே செய்துவிடக்கூடும்.

எண்ணெய்க் குதப் பங்கு பற்றி: 2022 ஜனவரி உடன்படிக்கைகளில் 24 குதம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு (கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49). மாவட்டத்துக்குப் பங்கு என்பதற்கு அதில் வழியில்லை. குதம் நிற்கிற நிலப்பரப்பின் உள்ளூராட்சி சபைக்கு மதிப்பீட்டு வரி வருகிறதா, எவ்வளவு என்று கேட்பது சின்னக் கேள்வி, ஆனால் பதில் சொல்லியாகவேண்டிய கேள்வி.

---

தம்பலகாமம்_வயல் | 21 நவம்பர், இரவு 7.20

செலவில்லாததா? நெல்லை எடுங்க.

பெரும்போகத்தில கிழக்கில அறுவடை முந்தித் தொடங்கும். ஜனவரிக் கடைசியில இருந்தே வெட்டு மெசின் இறங்கிரும். பொலநறுவை, அனுராதபுரம் பிறகுதான். ஆனா நெல் சந்தைப்படுத்தும் சபை விலை அறிவிக்கிறதும் களஞ்சியம் திறக்கிறதும் பெரும்பாலும் முழு நாட்டையும் பார்த்து நடக்கிற வேலை. அதுக்குள்ள எங்கட நெல் பாதி வியாபாரிக்குப் போயிரும். பிறகு திறக்கிற விலையால லாபம் யாருக்கு எண்டு சொல்லத் தேவையில்ல.

இரண்டாவது ஈரம். சபை எடுக்கிறது 14 வீதம். மெசினால வெட்டி வயல்ல இருந்து நேரா வாறது 20, மழை நாளில 22 வரை. பச்சை நெல் எண்டு சொல்லி வியாபாரி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு எண்டு வாய்க்கு வந்தபடி வெட்டுவார். அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு. ஈரம் எத்தனை வீதமோ அதை 100இல கழிச்சு, 86ஆல பிரிச்சு, நிறையால பெருக்கினா 14 வீதத்தில நிக்கவேண்டிய நிறை வரும். 1000 கிலோ 18 வீதத்தில இருந்தா 953. 20இல 930. 22இல 907. அதாவது 20 வீத நெல்லில தண்ணிக்காகக் கழிக்கவேண்டியது 1000க்கு 70 கிலோ. அதுக்கு மேல வெட்டினா அது தண்ணி இல்ல, களவு.

கேட்கவேண்டியது: விலையையும் கிழக்குக் களஞ்சியங்கள் திறக்கிற திகதியையும் ஜனவரி 15க்கு முன் அறிவி. இந்தக் கழிவு அட்டவணையைச் சுற்றறிக்கையா அனுப்பிக் கமநல சேவை நிலையங்கள்ல தமிழில ஒட்டு. ஒவ்வொரு நிலையத்திலயும் ஒரு ஈரமானி, அளவீட்டு அலகுகள் திணைக்களம் சரிபார்த்த முத்திரையோட.

---

கிண்ணியா_ஆற்றோரம் | 21 நவம்பர், இரவு 9.10

அட்டவணை சரி நானா. ஆனால் அரசாங்கம் பச்சை நெல்லை எடுக்கவேண்டும் என்ற மாதிரி வாசிக்கப்படும், அங்கேதான் பிழைக்கும். 18 வீதத்துக்கு மேல் உள்ள நெல்லைச் சாக்கில் கட்டிக் குவித்தால் ஒன்றிரண்டு நாளில் சூடேறும், அரிசி மஞ்சளாகும், மணம் மாறும். எங்கள் பக்கக் களஞ்சியங்கள் காய்ந்த நெல்லை அடுக்கி வைக்கிற மண்டபங்கள். உலர்த்தி இல்லாத இடத்தில் பச்சை நெல்லை எடு என்றால் பொறுப்பதிகாரி மறுப்பார், மறுப்பது நியாயமும்கூட.

வெயிலில் காயவைப்பது என்றாலும் கணக்கு இருக்கிறது. 4 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால் ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 45 சதுர மீற்றர் தளம் வேண்டும். ஏக்கருக்கு 2 தொன் என்றால் 90. அதைவிடத் தடிப்பாகப் போட்டால் மேலே காய்ந்து கீழே பச்சையாகக் கிடக்கும். கிளறாவிட்டால் மில்லில் குறுணல்தான். வீதியில் காயவைப்பது எதனால் என்று இதிலிருந்து விளங்கும். விதை நெல் என்றால் உலர்த்தியில் 43 பாகைக்கு மேல் போனால் முளைதிறன் போய்விடும், அதையும் எழுதவேண்டும்.

இன்னொரு ஓட்டை: உங்கள் சூத்திரம் தண்ணியை மட்டும் பார்க்கிறது. காயவைக்கிற கூலி, சிந்துகிற நெல், இரண்டையும் வியாபாரி கேட்பார். அவருக்கு அது செலவுதான். கூலியைக் கிலோவுக்கு இத்தனை சதம் என்று தனி வரியாகக் காட்டுங்கள். நிறைக்குள்ளே ஒளிப்பதைத்தான் நிறுத்தவேண்டும்.

---

தம்பலகாமம்_வயல் | 21 நவம்பர், இரவு 9.45

ஒத்துக்கொள்றன். அட்டவணை தனியார் கொள்வனவுக்கு அளவுகோல். சபை கொள்வனவு 14இலயே நிக்கட்டும். கூலி தனி வரி. மாத்திடுறன்.

---

சல்லி_கரைவலை | 22 நவம்பர், காலை 5.30

டைனமைட்டுக்கு எல்லாரும் எழுதுறது ‘கடற்படை ரோந்தைக் கூட்டு’ எண்டு. இருபது வருஷமா எழுதுற வசனம். வெடிச்சு அள்ளிக்கொண்டு போக அரை மணித்தியாலம். ரோந்துப் படகு வாறதுக்குள்ள கடல் அமைதி.

பிடிக்கவேண்டிய இடம் இரண்டு. ஒண்டு கரை. வெடிபட்ட மீன் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்: முள்ளந்தண்டு உடைஞ்சிருக்கும், காத்துப்பை வெடிச்சு வயித்துக்குள்ள இரத்தம் கட்டியிருக்கும், சதை எலும்பை விட்டுக் கழண்டிருக்கும், வெளியில காயம் ஒண்டும் இராது. பரிசோதகர் சந்தேகப்பட்டாலும் வழக்கு நிக்காததுக்குக் காரணம் சான்று பழுதாகிறது. மீனுக்குச் சம நிறை ஐஸ், மூடிப் பெட்டி, சீல், வெட்டின மீனை அளவுகோலோட படம், எடுத்த நேரம், இறங்குதுறையின் பேர். இதைப் பெட்டியோட ஒரு படிவமாக் கடற்றொழில் திணைக்களம் ஒவ்வொரு பரிசோதகருக்கும் குடுத்தா வழக்கு நிக்கும். இதுக்குச் சட்டம் புதுசா வேண்டாம். 1996இன் 2ஆம் இலக்கச் சட்டத்தில வெடி வைக்கிறது ஏற்கெனவே குற்றம்.

மற்றது வெடிமருந்து. கடலில அது விளையிறதில்ல. கல்லுடைக்கிற இடங்களுக்கு அனுமதியில குடுக்கிற வோட்டர் ஜெல் குச்சியில இருந்து கசியுது. குடுத்த குச்சி எத்தனை, துளைச்ச குழி எத்தனை, குழிக்கு எத்தனை, மிச்சம் எத்தனை எண்டு ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தாள் எழுதி, அதைப் பார்த்துத்தான் அடுத்த தொகுதி குடுக்கணும். உடைச்ச கல்லின் கனமீற்றரோட ஒப்பிட்டால் ஓட்டை தெரிஞ்சிரும்.

---

பழைய_கோப்பு | 22 நவம்பர், காலை 9.00

இதில் இரண்டாவது பாதி கடற்றொழில் அமைச்சுக்குப் போகக்கூடாது. வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் பாதுகாப்பு அமைச்சின் கீழ். இரண்டு கடிதமாகப் பிரியுங்கள். ஒன்றில் மற்றதின் திகதியைக் குறிப்பிடுங்கள்.

மான் பற்றியும் இதே கதை. மான் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, பொலித்தீன் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் மான் தின்பது கடைகள் இரவில் வெளியே வைக்கிற உணவுக் கழிவை. உப்பும் எண்ணெயும் பட்ட பையைச் சேர்த்து விழுங்கும், இரைப்பையில் பந்தாகக் கட்டும். குப்பை வண்டி விடியற்காலை வருவதால்தான் இரவு முழுக்கப் பை வெளியே கிடக்கிறது. உணவுக் கடைத் தெருக்களுக்கு மட்டும் இரவு 10 மணிக்கு ஒரு சுற்று வந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேலை முடிந்தது என்பது என் அபிப்பிராயம். இதற்கு அமைச்சர் எதற்கு? சபைச் செயலாளருக்கு ஒரு கடிதம்.

---

நிலாவெளி_அக்கா | 22 நவம்பர், மாலை 4.20

எந்த மொழியில் எழுதுவது? சிங்களத்தில் எழுதினால் வேகமாக வாசிப்பார்கள் என்று ஒரு கூட்டம், தமிழில்தான் என்று ஒரு கூட்டம். அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயப்படி தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உரிமை இருக்கிறது, 22ஆம் உறுப்புரை. மூலம் தமிழில் இருக்கட்டும். கூடவே ஒரு பக்கச் சிங்களச் சுருக்கம் இணையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வரிசையில் கடிதம் காத்துக்கிடக்கும் காலத்தை அது குறைக்கும், உரிமையை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது. சுருக்கத்தை நாங்களே செய்தால் கரையிலிருந்து இழுக்கிற ‘கரைவலை’யைக் கடலில் வளைத்துச் சுருக்குகிற சுருக்குவலை ஆக்கிவிடுகிற விபத்தும் நடக்காது. அந்த ஒரு சொல்லால் சண்டை வரும் கடற்கரை இது.

சின்ன விஷயம், ஆனால் நிறையக் கடிதத்தைக் கொன்ற விஷயம்: பாமினியில் அடித்த வேர்ட் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். வைரஸ் என்று நினைத்து அழிப்பார்கள். யுனிகோட்டில் அடித்து பிடிஎஃப் ஆக்குங்கள். படம் சேர்த்தால் அளவைக் குறையுங்கள், அரச மின்னஞ்சல் பெட்டிகள் சீக்கிரம் நிரம்பும். பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி. திகதிக்குச் சான்று அந்தத் துண்டுதான்.

---

கணக்குப்பிள்ளை | 22 நவம்பர், இரவு 8.00

யோசனைக்கு முன் தகவல். 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கக் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளில் தீர்மானம். தருவதென்றால் அதிலிருந்து 14 நாள். கோப்பு பெரிதென்றால் மேலும் 21 நாள். மறுத்தால் 14 நாளில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு 3 கிழமை, அதற்குப் பிறகு 2 மாதத்துக்குள் ஆணைக்குழு.

பலர் தோற்பது கேள்வியில். ‘ஏன் களஞ்சியம் பிந்தித் திறந்தீர்கள்’ என்பது தகவல் அல்ல, விவாதம். ‘2023/24 பெரும்போகத்தில் திருகோணமலை மாவட்டத்தில் ஒவ்வொரு களஞ்சியமும் கொள்வனவு தொடங்கிய திகதி, முடித்த திகதி, நாள்வாரியாகக் கொள்வனவு செய்த கிலோ, அந்தப் பதிவேட்டின் பிரதி’ என்று கேட்டால் தரத்தான் வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் கடிதம் நாலு வரியில் முடியும்.

9ஆம் பிரிவையும் பாருங்கள்: உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் தொடங்க 3 மாதத்துக்கு முன் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தகவல் தரவேண்டும். 5 லட்சத்துக்கு இன்று ஒரு மதகுகூடக் கட்டமுடியாது. ஆகவே கிட்டத்தட்ட எல்லாத் திட்டமும் இதற்குள் வரும். கேட்பாரில்லை.

---

கொட்டியாரம் | 23 நவம்பர், காலை 7.30

காணியைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கல்ல.

---

பழைய_கோப்பு | 23 நவம்பர், காலை 10.40

வேண்டுமென்றேதான் பின்னுக்கு வைத்தேன். காணி ஒரு கடிதத்தில் அடங்காது, காணித்துண்டு ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. குச்சவெளியில் வனத் திணைக்கள எல்லைக்கல், தொல்பொருள் வர்த்தமானி, புறாத்தீவுப் பக்கம் வனசீவராசிகள், கரையோரம் கரையோரப் பாதுகாப்பு என்று நாலு சட்டம் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ‘எங்கள் காணியை விடுவி’ என்ற வரிக்கு ‘எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்த காணி’ என்பதுதான் முதல் கேள்வி.

ஆகவே முதலில் அட்டவணை: கிராம அலுவலர் பிரிவு, நில அளவைப் படத்தின் இலக்கம், துண்டு இலக்கம், பரப்பு, கையிலுள்ள பத்திரம் (உறுதியா, அளிப்பா, அனுமதிப்பத்திரமா, ஒன்றுமில்லையா), தடுத்த வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், கடைசியாகப் பயிரிட்ட போகம். வர்த்தமானியில் பிடித்ததை வர்த்தமானியால்தான் விடமுடியும். சம்பூரில் 2015இல் 818 ஏக்கர் வந்தது முந்தைய ஒதுக்கீட்டை ரத்துச் செய்து வெளியிட்ட வர்த்தமானியால். அனுமதிப்பத்திரம் உள்ளவரையும் உறுதி உள்ளவரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள், பலமான கோப்பு பலவீனமானதோடு சேர்ந்து நிற்கும். அடையாள அட்டை இலக்கங்களைப் பொதுவெளியில் போடவே வேண்டாம்.

கொள்கையாகக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. 13ஆம் திருத்தத்தில் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு 1987இலிருந்து இன்றுவரை அமைக்கப்படவில்லை. அதற்கு அரசியலமைப்பை மாற்றத் தேவையில்லை. ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

---

தம்பலகாமம்_வயல் | 28 நவம்பர், இரவு 9.00

மழையால இத்தனை நாள் எழுத ஏலாமப் போயிட்டு. வெருகல், மூதூர், எங்கட பக்கம் எல்லாம் வயல் தண்ணிக்குள்ள. இதால யோசனையில மாத்தம் வருது.

இளம்பயிர் முழுக்க மூழ்கி ஒரு கிழமை தாண்டினா பெரும்பாலும் அழுகும். தண்ணி வடிஞ்ச வயலை திரும்ப விதைக்கிறதெண்டா மூண்டரை மாத நெல்லுக்கு இனி நேரம் காணாது. பிஜி 250 மாதிரி இரண்டரை மாத இனம்தான். ஏக்கருக்கு 40 கிலோ விதை வச்சாலும் 1000 ஏக்கருக்கு 40 தொன். அந்த 40 தொன் டிசம்பர் முதல் கிழமைக்குள்ள கமநல சேவை நிலையத்துக்கு வராட்டி வந்து பிரயோசனமில்ல, தின்னத்தான் சரி. விவசாயத் திணைக்களம் வெள்ளம் வாற மாவட்டங்களுக்கு ஒவ்வொரு ஒக்டோபரும் குறுகியகால விதையை ஒதுக்கி வைக்கணும். விதை ஒரு வருஷத்துக்கு மேல முளைதிறன் குறையும். அதனால மிஞ்சினதைச் சிறுபோகத்துக்கு வித்து, அடுத்த ஒக்டோபருக்குப் புதுசு வாங்கிற மாதிரிச் சுழற்றணும். இது தனிக் கடிதம்.

---

கிண்ணியா_ஆற்றோரம் | 29 நவம்பர், காலை 6.15

அப்படியானால் ஜனவரி 15 என்று நீங்கள் போட்ட திகதியும் விழுகிறது. திரும்ப விதைத்தவர்களுக்கு அறுவடை பெப்ரவரி கடைசி, மார்ச். மிஞ்சினவர்களுக்கு ஜனவரி கடைசி. ஒரு திகதியைப் போட்டால் இரண்டு பேரில் ஒருவருக்குப் பிழைக்கும். களஞ்சியம் பெப்ரவரியில் நிறைந்துவிட்டால் பிந்தினவர் மறுபடியும் வியாபாரியிடம்தான்.

---

தம்பலகாமம்_வயல் | 29 நவம்பர், இரவு 8.30

சரி. வர்த்தமானியும் வந்திட்டு, அதைப் பார்த்து முகவரி போடலாம். வரைவு:

*பெறுநர்: தலைவர், நெல் சந்தைப்படுத்தும் சபை. பிரதி: பொறுப்பமைச்சின் செயலாளர்; அரசாங்க அதிபர், திருகோணமலை.*

*விடயம்: 2024/25 பெரும்போகம், திருகோணமலை மாவட்ட நெற் கொள்வனவு. சுற்றறிக்கையால் செய்யக்கூடியது, மேலதிக நிதி ஈரமானிகளுக்கு மட்டும்.*

*1. ஒவ்வொரு கமநல சேவைப் பிரிவிலும் விதைப்புத் திகதிப் பதிவிலிருந்து அறுவடை தொடங்கும் கிழமையைக் கணித்து, அதற்கு 3 கிழமைக்கு முன் விலையையும் களஞ்சியம் திறக்கும் நாளையும் அறிவித்தல்.*

*2. வெள்ளத்தின்பின் மீள விதைத்ததாகப் பதிவான ஏக்கருக்குரிய கொள்ளளவைக் களஞ்சியத்தில் ஒதுக்கி வைத்தல்.*

*3. தனியார் கொள்வனவுக்கு ஈரக் கழிவு அட்டவணை: 18 வீதம் எனின் 1000 கிலோவுக்கு 47, 20 எனின் 70, 22 எனின் 93 கிலோ. உலர்த்தும் கூலி தனி வரியில்.*

*4. முத்திரையிட்ட ஈரமானி, கமநல சேவை நிலையத்துக்கு ஒன்று.*

*தாங்கள் இவ்விடயத்தில் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.*

---

கணக்குப்பிள்ளை | 29 நவம்பர், இரவு 9.20

இரண்டாவதில் ‘பதிவான’ என்றால் யார் பதிந்தது? கமநல உத்தியோகத்தரின் வெள்ளச் சேதப் பதிவு என்று போடுங்கள். விவசாயக் காப்புறுதிச் சபைக்கும் அந்தப் பதிவுதான் போகும், இரண்டு எண்ணும் ஒத்துப்போகும். நாலாவதில் மாவட்டத்தில் எத்தனை நிலையம் என்ற எண்ணிக்கையைச் சேருங்கள். எண்ணிக்கை இல்லாத செலவை யாரும் மதிப்பிடமாட்டார்கள்.

---

பழைய_கோப்பு | 29 நவம்பர், இரவு 10.00

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘இதன் மீதான தீர்மானத்தை 2025 ஜனவரி 10க்கு முன் தமிழில் எழுத்துமூலம் அறியத்தரவும்’ என்று போட்டு, பதில் அனுப்பவேண்டிய தபால் முகவரியையும் எழுதுங்கள். வரைவில் முகவரியே இல்லை.